கலெக்டரை நாம் அறுக்கவில்லை

செந்திலுக்கு, அம்மா எழுதுவது.

அன்புள்ள என்று ஆரம்பிக்கவில்லை. அன்பு எங்கேயும் போய்விடவில்லை, உள்ளேதான் கிடக்கிறது. இப்போது அதை எடுத்து மேலே வைக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். நீ என் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன், உனக்குத் தெரியும். எழுதி முடித்ததும் உன் மகள் யாழினியிடம் கொடுப்பேன். பிழை இருந்தால் திருத்திக்கொள், கோபத்தைத் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன். நீ என் கதையை எந்தப் போனில் ஊருக்கெல்லாம் சொன்னாயோ, அதே போனில் இதையும் அவள் போடுவாள். கதவைச் சாத்திக்கொண்டு பேசவேண்டியதை நீதான் தெருவுக்குக் கொண்டுவந்தாய். இனி தெருவிலேயே பேசுவோம்.

போன வெள்ளிக்கிழமை மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் பூ வாங்கப் போனேன். எப்போதும் வாங்குகிற பூக்காரம்மாதான். முழம் போட்டுக்கொண்டே என் முகத்தை உற்று உற்றுப் பார்த்தாள்.

"இன்னாம்மா, போன்ல வந்துகினு கீறியே, அந்த சேவல் அறுத்த அம்மா நீதானா?"

"எந்தச் சேவல்?" என்றேன்.

"அதான், உன் புள்ள அழுவுறாரே. சின்ன வயசுல ஆசையா வளத்தாராம், நீ சாமி பேரச் சொல்லி அறுத்துட்டியாம். உன் போட்டோகூட காட்டுறாங்க, பச்சப் பொடவ கட்டிகினு."

பக்கத்தில் கொத்தமல்லி விற்கிறவள் சேர்ந்துகொண்டாள். "வுடுக்கா. அந்தக் காலத்துல யாருதான் அறுக்கல? பாவம், நல்ல பொம்பளதான் அது."

எனக்கு இத்தனை வருஷம் ஒருவர் பரிந்து பேச வேண்டி வந்ததில்லை, செந்தில். உங்கப்பா ரங்கநாதன் தெருப் பாத்திரக்கடையில் விற்பனையாளராக நின்று கால் வீங்கி வீட்டுக்கு வந்த காலத்திலும், வாடகைக்குக் குடியிருந்த வீட்டில் நம் மீன் வாசனைக்காக மூக்கைப் பொத்தினவர்கள் நடுவிலும், நான் தலை நிமிர்ந்துதான் தண்ணீர்க் குடம் தூக்கினேன். அன்றைக்குத்தான் பூவை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு, தலையில் வைக்காமல் வீடு வந்தேன்.

என்னைப் பார்க்க வந்திருந்த யாழினியிடம் போனைக் கேட்டேன். அவள் முதலில் தரமாட்டேன் என்றாள். "வேண்டாம் ஆச்சி, பார்த்தா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்." பார்த்தேன். நீ நன்றாகத்தான் பேசுகிறாய். குரலை எங்கே தாழ்த்தவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரிந்து பேசுகிறாய். "என் கண்ணெதிரிலேயே அறுத்தார்கள். பிடித்துக்கொண்டிருந்தது என் அம்மாவின் கை" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாய். அப்போது என் போட்டோ வருகிறது. அந்தப் பச்சைப் புடவை உன் கல்யாணத்துக்கு நான் கட்டியது. உன் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் போட்டோவிலிருந்து உன்னை வெட்டிவிட்டு என்னை மட்டும் வைத்திருக்கிறாய். உன் தோளில் இருந்த என் கை பாதி தெரிகிறது. அதுதான் சேவலைப் பிடித்த கை என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கோழியையும் மாட்டையும் வதைக்காதீர்கள் என்று உன் கூட்டத்தோடு தெருவில் நின்று நீ செய்கிற வேலையின் மேல் எனக்குக் கோபமில்லை. இந்த ஊரில் அந்த வேலையை உன்னைவிட நான்தான் அதிகமாக மெச்சியிருப்பேன். ஆபீஸ் விட்டு ஈக்காட்டுத்தாங்கலில் இருந்து நேரே வந்து, சனிக்கிழமை சாயங்காலம் பாண்டி பஜார் நடைபாதையில் நீங்கள் நின்றபோது, முதல் தடவை நான் வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன். நாலு பேர் நாலு திசை பார்த்து, முதுகோடு முதுகு ஒட்டி, வெள்ளை முகமூடி போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு சின்ன டிவி பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நின்றீர்கள். பெட்டி பிடிப்பவர்கள் பேசக்கூடாது என்பது உங்கள் சட்டம். யாராவது நின்று பார்த்தால், ஓரத்தில் நிற்கிற உங்கள் ஆள் போய் மெதுவாகப் பேச்சுக் கொடுப்பார். பை பையாகத் துணி வாங்கிக்கொண்டு போகிற கூட்டத்துக்கு நடுவில் இதென்ன கூத்து என்று நினைத்தேன்.

பிறகு படத்தைப் பார்த்தேன். கம்பிக் கூண்டு, அதன்மேல் கூண்டு, அதன்மேலும் கூண்டு. இறக்கையை விரிக்க இடமில்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாகக் கோழிகள். மூக்கு நுனியைச் சுட்டு வெட்டியிருந்தார்கள். காலுக்குக் கீழே மண்ணில்லை, கம்பிதான். கோழி என்றால் மண்ணைக் கிளறும். கிளறக் கால் இருக்கிறது, மண் இல்லை. ஒரு கோழி வெறும் கம்பியையே கிளறிக்கொண்டிருந்தது, பார்த்தாயா? அந்த ஒன்றை என்னால் தாங்க முடியவில்லை. உங்கள் ஆள் ஒருத்தி என்னிடம் வந்து, "பாட்டி, இதப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டாள். நான் என்ன நினைப்பது? துணிக்கடை வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றோடு பிராய்லர் கறியும் முட்டையும் நம் அடுப்பில் ஏறவில்லை. நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானாக நிறுத்தினேன். அடுத்த சனிக்கிழமை நானும் வருகிறேன் என்று வந்து முகமூடி போட்டுக்கொண்டு பெட்டி பிடித்தேன். மூட்டு வலியோடு நின்றேன். எதிர்வீட்டு சரோஜாவிடம், மருந்துக்கடைக்காரரிடம், பால் போடுகிறவரிடம் எல்லாம், "என் பிள்ளைதான் இதுக்குத் தலைமை" என்று பீற்றிக்கொண்டேன். அதனால்தான் இப்போது இத்தனை எரிகிறது. உண்மையைக் காட்டியே என்னைத் திருப்பிவிட்டாயே, அப்புறம் உனக்குப் பொய் எதற்குடா?

சேவல் கதையை இப்போது நான் சொல்கிறேன். ஊரும் கேட்கட்டும்.

உனக்கு ஏழு வயசு நடக்கும்போது மஞ்சள் காமாலை வந்தது. கண், நகம், மூத்திரம் எல்லாம் மஞ்சள். பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் நீ என்னைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்டாய். உங்கப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அங்கேயே நின்று நம் குலசாமிக்கு நேர்ந்துகொண்டேன். பிள்ளையை எழுப்பிக் கொடு தாயே, உனக்கு ஒரு சேவல் வளர்த்துக் கொண்டுவந்து தருகிறேன் என்று. நீ எழுந்தாய். உங்கப்பா சைதாப்பேட்டையில் இருந்து ஒரு குஞ்சு வாங்கிவந்தார். சாமிக்கு நேர்ந்த சேவல் வீட்டில் எப்படி வளரும் என்று உன் கூட்டத்தில் யாருக்காவது சொல்லியிருக்கிறாயா? அதை அடிக்கக்கூடாது, திட்டக்கூடாது. நாம் சோற்றுச் சட்டியில் கை விடுவதற்கு முன்னால் அதற்கு ஒரு பிடி தானியம் போடவேண்டும். மொட்டை மாடியில் மேய்ந்தது. ஹவுஸ் ஓனர் வேட்டியை அசிங்கப்படுத்தியபோதுகூட, "சாமி சேவல், பொறுத்துக்குங்க" என்று நான்தான் வேட்டியைத் துவைத்துக் கொடுத்தேன். கொண்டையை ஆட்டிக்கொண்டு, மாடியெல்லாம் தன்னுடையது மாதிரி பார்வையிட்டு நடக்கும். அதனால் நீதான் கலெக்டர் என்று பேர் வைத்தாய்.

மறுவருஷம் குலசாமி கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குக் கிளம்பினோம். கலெக்டரைக் கூடையில் வைத்து பஸ் ஏறினோம். கண்டக்டர், "கோழிக்கு யாரு டிக்கெட் எடுப்பா?" என்று கேட்டார். நீ எழுந்து நின்று, "இது கோழி இல்ல, கலெக்டர்" என்றாய். பஸ்ஸே சிரித்தது. "அப்ப சார் முன்னாடி சீட்ல உக்காரச் சொல்லுப்பா" என்று சொல்லி விட்டுவிட்டார். வழியெல்லாம் அந்தக் கூடையை மடியை விட்டு இறக்கவில்லை நீ.

கோயிலில் வரிசையாக அறுத்துக்கொண்டிருந்தார்கள். நீ பார்த்தாய், அது நிஜம். மற்றவர்களுடைய சேவல்களை அறுத்ததை நீ பார்த்தாய். நம் முறை வந்தது. நீ கத்தவில்லை, அழவில்லை. கூடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "எனக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தாலும் பரவாயில்லம்மா" என்றாய். அந்த வார்த்தை என் வயிற்றில் இன்னும் இருக்கிறது. பூசாரியிடம், "உயிரோட விட்டுக்கிடுதேன்" என்றேன். உங்க அப்பத்தா என்மேல் பாய்ந்தாள். "ஏளா, சாமிக்குச் சொன்ன வாக்க மாத்துதியே! நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்லுவா? நீ சொல்லுவியா?" "நான் சொல்லுதேன்" என்றேன். கூடையைத் திறந்தேன். கலெக்டர் வெளியே வந்து, இறக்கையை ஒரு தடவை விரித்து உதறிவிட்டு, ஆலமரத்தடியில் விட்ட மற்ற சேவல்களோடு போய் மண்ணைக் கிளறியது. நீ திரும்பி வரும்போது காலிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாய்.

இதுவரை உனக்குத் தெரியும். தெரிந்தேதான் மாற்றினாய். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அதற்கப்புறம் உனக்கு வந்த ஒவ்வொரு காய்ச்சலுக்கும் எனக்கு அந்தச் சேவல்தான் ஞாபகம் வந்தது. நீ காலேஜில் டெங்கு வந்து படுத்தபோது, உங்க அப்பத்தா கட்டிலுக்கு மறுபக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சாகிறவரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அந்தப் பார்வையை எடுக்கவுமில்லை. நீ முதல் தடவை பிளேன் ஏறியபோது, இறங்கிவிட்டேன் என்று நீ போன் பண்ணும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை நான். ஒரு பிள்ளையின் வார்த்தைக்காக ஒரு சேவலை விட்டுவிட்டு, சாமி கேட்டால் என்ன சொல்வது என்று ஆயுசு பூரா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தவளைத்தான், கத்தி பிடித்தவளாக்கி விட்டாய்.

நான் கோழி அறுத்ததே இல்லை என்று சொல்லவரவில்லை. தீபாவளிக்கு அறுத்திருக்கிறேன், உன் மாமன்மார் வந்தால் அறுத்திருக்கிறேன். நீயும் காலும் ஈரலும் எனக்கு என்று கேட்டு வாங்கித் தின்றிருக்கிறாய். அதைச் சொல்லேன். "நானும் தின்றேன், இப்போது விட்டேன்" என்று சொல்லேன். சொல்லமாட்டாய். உன் கதையில் தின்றது யாரோ, அறுத்தது அம்மா, அழுதது மட்டும் நீ.

நீ ஒரே ஒரு தடவை போனை எடுத்தாய். "ஏம்ல இப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"அம்மா, கொஞ்சம் புரிஞ்சுக்கோ. ஒரு நிமிஷத்துல ஜனங்களைப் பிடிச்சு நிறுத்தணும். சேவலை விட்டுட்டோம்னு சொன்னா யாரும்மா அழுவாங்க?"

"அழ வைக்கணும்னா உன் கதையச் சொல்லி அழ வையி. என்ன ஏன் வெட்டி ஒட்டுத?"

"உன்னை யாரும் தப்பா நினைக்கலம்மா. மாறின அம்மாவா காட்டறேன். நல்லதுக்குத்தான்."

நல்லதுக்கு. இந்த வார்த்தையை இதற்கு முன்னாலும் உன் வாயில் கேட்டேன். மயிலாப்பூரில்.

குளத்துப் பக்கம் நீங்கள் நின்ற அன்றைக்கு நானும் பெட்டி பிடிக்க வந்தேன். பாண்டி பஜாரில் போட்ட படத்தில் கோழியும் உண்டு, மாடும் உண்டு. கன்றைப் பிறந்தவுடனே தாயிடமிருந்து இழுத்துப் போவதும், தாய் கயிற்றை இழுத்துக்கொண்டு பின்னாலேயே கத்துவதும் உண்டு. மயிலாப்பூரில் நீ யாழினியிடம் சொன்னாய்: "இங்க மாடு வேண்டாம், எடுத்துடு. கோழி மட்டும் ஓடட்டும்." அவள், "ஏம்ப்பா? பால் குடிக்கிறவங்ககிட்டதானே மாட்டைக் காட்டணும்?" என்று கேட்டாள். "இந்த ஏரியா வேற. சொன்னதைச் செய். நல்லதுக்குத்தான்" என்றாய். அவள் முகமூடிக்குள் அழுதது உனக்குத் தெரியுமா? பெட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும்.

துணிப்பையோடு ஒரு மாமாவும் மாமியும் வந்து நின்றார்கள். மாமா உன் முதுகில் தட்டினார். "பேஷ். நல்ல காரியம் பண்றேள். ஆனா இதை எங்ககிட்டக் காட்டி என்ன பிரயோஜனம்? எங்காத்துல வெங்காயமே நாள் பார்த்துத்தான் வாங்கறது. திங்கறவாகிட்டப் போய்ச் சொல்லுங்கோ." நீ சிரித்தாய். "கரெக்ட் மாமா, உங்கள மாதிரி எல்லாரும் இருந்துட்டா எங்களுக்கு வேலையே இல்ல" என்றாய். அந்தத் திங்கிறவள் முகமூடியோடு பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், செந்தில். பேசக்கூடாது என்ற சட்டத்துக்குக் கட்டுப்பட்டு.

அவரை நான் குற்றம் சொல்லவில்லை. அந்த மாமி நகரவில்லை, பார்த்தாயா? கையில் பால் பாக்கெட் பை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் உன்னிடம் கேட்டாள்: "ஏண்டாப்பா, பசுவையும் இப்படித்தான் வெச்சிண்டிருக்காளோ?" அவளாகக் கேட்டாள். யாரும் தூண்டவில்லை. நீ இத்தனை சனிக்கிழமை தெருவில் நின்றதே அந்த ஒரு கேள்விக்காகத்தான். அதற்கு நீ, "இல்ல மாமி, அது வேற" என்றாய். அவள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுப் போனாள். எனக்குப் பெட்டியைக் கீழே போட்டு உடைக்கலாம் போல இருந்தது.

அவர்கள் முகம் கோணக்கூடாது என்று ஒரு பொய். அவர்கள் கண் கலங்கவேண்டும் என்று இன்னொரு பொய். முதலாவதில் மாட்டை விற்றாய், இரண்டாவதில் என்னை விற்றாய். கூண்டு செய்தவன் உன் கதையில் இல்லை. முட்டையிடாது என்று சேவல் குஞ்சைப் பிரித்தெடுத்துச் சாகடிக்கிற கம்பெனிக்காரன் இல்லை. பஞ்சு மாதிரி கறி கேட்டு வரிசையில் நிற்கிற நாம் யாரும் இல்லை. கொடுமை என்றால் ஜனங்களுக்கு ஞாபகம் வருவது பச்சைப் புடவை கட்டிய ஒரு தெற்கத்திப் பொம்பளை. சரிதானே? அடையாற்றில் உங்கள் அடுக்குமாடியில் வீடு வாங்குமுன் "நீங்க வெஜ்ஜா?" என்று கேட்டார்களாம், உன் பெண்டாட்டி கவிதா சொல்லியிருக்கிறாள். அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாயோ என்று தோன்றுகிறது. என் முகத்தைக் காட்டி.

நேற்று கவிதா வந்து ஒரு சந்தன நிறப் புடவை கொடுத்துவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் பீச்சில் பெரிய கூட்டமாம், மேடையாம், மைக்காம். நீ சேவல் கதையைச் சொல்லி முடித்ததும் நான் மேடை ஏறி, "அந்தச் சேவலிடம் மன்னிப்புக் கேட்கிறேன், என் மகன் என்னை மாற்றினான்" என்று சொல்லவேண்டுமாம். "ரெண்டே வரிதான் அத்தை, கேமரா முன்னாடி பயப்படாதீங்க" என்றாள். அவள் மேல் தப்பில்லை, நீ சொன்னதை அவள் நம்பியிருக்கிறாள். உன் பெண்டாட்டிக்கே நீ நிஜத்தைச் சொல்லவில்லை. புடவை பீரோவில் இருக்கிறது, மடிப்புக் கலையவில்லை. வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்.

கலெக்டரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. அந்தக் கம்பியைக் கிளறின கோழியிடம் வேண்டுமானால் நாம் எல்லோருமாகக் கேட்கலாம். அதைக் கேட்க மேடை எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை வருவேன். யாழினி கூட்டிக்கொண்டு வருவாள், கார் அனுப்ப வேண்டாம், பஸ் இருக்கிறது. மேடைக்கு வரமாட்டேன். மணலில் கூட்டத்துக்கு முன்னால் பெட்டி பிடித்துக்கொண்டு நிற்பவர்களில் ஒருத்தியாக நிற்பேன். என் பெட்டியில் கோழியும் ஓடும், மாடும் ஓடும், யாழினி இரண்டையும் போட்டு வைத்திருக்கிறாள். உன் கல்யாணத்துப் பச்சைப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு வருவேன், நீ தேட வேண்டியிருக்காது. பெட்டி பிடிப்பவர்கள் பேசக்கூடாது என்பது உங்கள் சட்டம், அதை நான் மீறமாட்டேன். பேசுகிறவன் நீ. மைக் உன் கையில் இருக்கும். கோயிலில் வரிசை, நம் முறை, கூடை, நீ சொன்ன அந்த வார்த்தை, எல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கிறது. அது வரைக்கும் உன் கதையும் என் கதையும் ஒன்றுதான். அதற்கப்புறம் கூடையைத் திறந்தோம் என்று சொன்னாயானால், நான் பாட்டுக்கு மூட்டு வலியோடு இருட்டும்வரை நிற்பேன்.

அறுத்தோம் என்று சொன்னால், முகமூடியைக் கழற்றிவிடுவேன். வாயைத் திறக்கமாட்டேன். உன் முகத்தை நீயும் என் முகத்தை நானும் வைத்துக்கொண்டு அத்தனை ஜனத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்போம்.

அம்மா